அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த விடுதலை

பணத்தைப் பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி எழுந்து போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒரு மனிதருக்கு யோசனை சொன்னேன். அதுவே ஏழு தலைமுறைக்குப் போதும் என்று என் குடும்பம் மட்டுமல்ல, எங்கள் தோட்டத்தின் மூன்று லயங்களும், அதாவது மூன்று வரிசை வீடுகளும், சேர்ந்து முடிவு செய்துவிட்டன.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெஹியோவிட்ட டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, பாரூக் நானாவின் கொமினிகேஷன் கடையில் வேலை. (கொமினிகேஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், அடையாள அட்டைக்கு பிளாஸ்டிக் உறை. அவ்வளவுதான்.) அவிசாவளை போகிற காலை பஸ்கள் கிளம்பிய பிறகு கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் கடையில் வைஃபை இருந்தது. என் வீழ்ச்சி அங்கேதான் தொடங்கியது.

யூடியூப்பில் ஒருவர் வருவார். மடிப்புக் கலையாத சட்டை, பின்னால் கண்ணாடி போட்ட புத்தக அலுமாரி. நாற்பது வயதுக்குள் வேலையை விட்டுவிட வேண்டும், மிச்ச ஆயுளைத் தன் இஷ்டத்துக்கு வாழ வேண்டும் என்பார். வயதான காலத்துக்குச் சேமிப்பது எப்படி, வட்டியில் சாப்பிடுவது எப்படி, முதலாளியைப் பார்த்து "போய்வருகிறேன்" என்று சொல்வது எப்படி, எல்லாவற்றுக்கும் தனித்தனி வீடியோ. நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். சிலவற்றை மூன்று தடவை பார்த்தேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. (வேலையை விடச் சொல்வதுதான் அவருடைய வேலை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.)

முதலில் மாட்டியவர் பாரூக் நானா.

"நானா, ஒங்களுக்கு பெசிவ் இன்கம் இருக்கா?"

"அது என்ன புள்ள?"

"நீங்க தூங்குற நேரத்துலயும் காசு வரணும் நானா."

அவர் மின்சார பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நான் தூங்குற நேரத்துல இருக்கிற காசு போகாம இருந்தா அதுவே போதும் புள்ள. அந்த மெஷினுக்கு பேப்பர் போடுங்க."

இவர் திருந்தமாட்டார் என்று கைகழுவிவிட்டேன். உலகத்தில் யாராவது ஒருவரையாவது வேலையிலிருந்து மீட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்ற நிலை. என்னை மீட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் என் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்குத் தொண்ணூற்று மூன்று வயதில்தான் விடுதலை கிடைக்கும்போல் இருந்தது. ஆகவே பார்வை அப்பாவின் மேல் திரும்பியது.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். முப்பத்துநான்கு வருடம் அதே தோட்டம், அதே மலை. நாலு மணிக்கு எழும்பி, பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுத்துவிட்டு, கிழக்கு வெளுக்கும்போது முதல் மரத்தில் கத்தியை வைப்பார். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும் என்பதால் ரப்பர் தோட்டத்தில் மனிதர்கள் சேவலை எழுப்பிவிடுவார்கள். நாலு மணிக்கு எழும்புகிறவர் எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். இதனால் நஷ்டப்பட்டது அப்பாவின் சினிமாதான்.

அப்பாவுக்குப் படம் என்றால் உயிர். எங்கள் லயத்தில் முதன்முதலாகக் கூரையில் டிஷ் ஏறியது எங்கள் காம்பரா வீட்டுக்குத்தான். இரவுப் படம் ஏழு மணிக்குத் தொடங்கும். சோப்பு, பவுடர், சீமெந்து விளம்பரங்களைத் தாண்டி, கதாநாயகனின் தங்கையை வில்லன் தூக்கிக்கொண்டு போகும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். அப்பா எழுந்து பாயைப் போட்டுவிடுவார். இத்தனை வருடத்தில் அவர் எத்தனையோ தங்கைகளை அப்படியே வில்லன் கையில் விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. அம்மா கடைசிவரை உட்கார்ந்திருப்பார். ஆனால் காலையில் அப்பா ஆசையாக "என்னா ஆச்சு?" என்று கேட்டால், "எல்லாம் சேந்துட்டாங்க" என்பதோடு முடித்துவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போடுவார். கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்கலாம் என்றால் அவர்களும் எட்டரைக்குத் தூங்கியவர்கள். ஆகவே அப்பா மலையில் மரத்துக்கு மரம் நடக்கும்போது தானே ஒரு முடிவைக் கட்டிக்கொள்வார். அவருடைய முடிவுகளில் யாரும் சாகமாட்டார்கள். வில்லனுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வரும், திருந்திவிடுவான். (போனில் போட்டுக் காட்டுகிறேன் என்று நான் சொன்னதுண்டு. "நாமளே நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்குறது படமா புள்ள?" என்று கேட்டு அதை மறுத்துவிட்டார்.)

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு நாள் மாலை நான் கொப்பியும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். வீடியோவில் வந்த அட்டவணையை அப்படியே கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. செலவுப் பக்கத்தில் முதல் வரி வாடகை. அதற்கு நேரே "இல்லை, சொந்த வீடு" என்று எழுதி, இரண்டு கோடும் போட்டிருந்தேன். வீடியோக்காரர் வாடகையைப் பற்றி எவ்வளவு புலம்புவார் தெரியுமா? அந்தத் தொல்லையே எங்களுக்கு இல்லை என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பாவின் அப்பா பிறந்த காம்பரா அது. கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது அப்பா. பின்னால் சமையலுக்குக் குசினியை இழுத்துக் கட்டியது அம்மா. அம்மா முழங்கால் வலி தாங்காமல் முந்தின வருடம் வேலையை விட்டபோதுகூட யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சொந்தம் இல்லாமல் வேறென்ன?

"அப்பா, ஒங்களுக்கு அம்பத்தேழு ஆச்சு. ஈ.பி.எப். காச எடுத்து பேங்க்ல போட்டா மாசா மாசம் வட்டி வரும். என் சம்பளம் இருக்கு. நீங்க வேலைய விட்டுருங்க."

"விட்டுட்டு?"

வீடியோவில் அந்த இடத்தில் கடற்கரையைக் காட்டுவார்கள். எங்களுக்கு எங்கே கடற்கரை? டீவியைப் பார்த்தேன். சீமெந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டு, படத்த கடைசி வரைக்கும் பாருங்க."

அப்பா டீவியைத் திரும்பிப் பார்த்தார். "கடைசி வரைக்குமா?" என்றார் பிறகு, மிகவும் சின்னக் குரலில்.

அந்தக் குரலுக்காகத்தான் எல்லாவற்றையும் செய்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி உண்மை. மறு பாதி, கொப்பியில் எழுதியதை யாரிடமாவது செய்துபார்க்க வேண்டும் என்ற அரிப்பு.

"ஓபிஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யலாமே" என்றார் அம்மா, குசினியிலிருந்து.

"கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு? நம்ம காசு, நம்ம முடிவு."

தோட்டத்து ஓபிசுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன நாளை நினைத்தால் இப்போதும் காது சூடாகும். நான் நீல நிறச் சுடிதார், நகத்தில் புதுப் பூச்சு. அப்பா படியடியில் செருப்பைக் கழற்றினார்.

"செருப்ப போட்டுக்கிட்டே வாங்கப்பா. நாம என்ன கடன் கேக்கவா வந்திருக்கோம்?"

அப்பாவால் என்னையும் மீற முடியவில்லை, முப்பத்துநான்கு வருடப் பழக்கத்தையும் மீற முடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஓபிஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் சிங்களவர். இருபது வருடமாக எங்களோடு பேசிப் பேசி, தோட்டத்துத் தமிழ் எங்களைவிட அவருக்கு நன்றாக வரும். மேசைக்குப் பக்கத்து வாங்கில் இரண்டு அக்காமார் உட்கார்ந்து ஏதோ கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். கேட்க ஆள் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"என்ன பெருமாள், வேலைய விடுறீங்களாமே. ஒடம்புக்கு சரியில்லையா?" என்று கேட்டார் கிளாக்கர்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. அப்பா பினான்ஷியல் பிரீடம் எடுக்குறாரு."

"அது என்ன லீவு? மெடிகலா?"

நான் விளக்கினேன். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில், நடுநடுவே வீடியோக்காரரின் ஆங்கிலத்தில். மனிதன் வேலைக்காகப் பிறந்தவன் இல்லை என்றேன். சுதந்திரம் என்ற சொல்லை மட்டும் ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். அக்காமார் இருவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கிளாக்கர் மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு விண்ணப்பப் பாரங்களை எடுத்து, அப்பாவிடம் காட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கி, சீல் குத்தினார்.

"ஹரி, சரி. எல்லாம் முடிஞ்சிச்சு. வீட்ட எப்ப குடுக்குறீங்க?"

"எந்த வீட்டங்க ஐயா?"

"நீங்க இருக்குற வீட்டத்தான். செக்ரோல்ல பேர் இருக்குற ஆளுக்குத்தானே லயத்துல வீடு. ஒங்க வீட்டுல அம்மா பேர் போன வருசம் போயிருச்சு. அப்பா பேர இப்பத்தான் வெட்டுனேன்."

செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் பட்டியல்; அதில் இப்போது எங்கள் வீட்டு ஆள் யாரும் இல்லை. எனக்குப் பின்னால் அப்பா செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது கேட்டது. என் கொப்பியில் இரண்டு கோடு போட்ட வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த நேரத்தில் ஒரு புத்தியுள்ள பெண் என்ன செய்திருப்பாள்? "தெரியாம பேசிட்டேங்க ஐயா, ஒரு வழி சொல்லுங்க" என்று கேட்டிருப்பாள். வாங்கில் அந்த இரண்டு அக்காமார் மட்டும் இல்லாதிருந்தால் நானும் கேட்டிருப்பேனோ என்னவோ.

"அது தெரியாமலாங்க ஐயா?" என்றேன். "என் பேர போடத்தானே வந்திருக்கேன்."

கிளாக்கர் என் நகங்களைப் பார்த்தார். "நீங்க பால் வெட்டப் போறீங்க?"

"ஏன், பொம்பளைங்க வெட்டுறதில்லையா?"

"வெட்டுறாங்க. நல்லா வெட்டுறாங்க. நீங்க வெட்டுவீங்களான்னுதான் கேட்டேன்."

வெட்டுவேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது இரண்டாவது வளைவுவரை அப்பா செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். பிறகு நின்றார்.

"வீடு நம்மளது இல்லன்னு ஒனக்குத் தெரியாதா வசந்தி?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"அப்ப ஏம்ப்பா சொல்லல?"

"நீ படிச்ச புள்ள. அதுக்கும் ஏதாச்சும் ஒரு வழி வச்சிருப்பன்னு நெனச்சேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வளைவில் எனக்கு வந்த வெட்கத்தை இத்தனை வருடத்துக்குப் பிறகும் எழுதத் தெரியவில்லை. அப்பா என்னை நம்பியிருக்கிறார். நான் என்னவென்றால், மூன்று தலைமுறையாக எங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒரு பேனாக் கோட்டில் சொந்தமாக்கி, அதையும் பறிகொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "நாளைக்கு எத்தன மணிக்கு எழுப்பணும்?"

விடியாத பெரட்டுக் களத்தில் அப்பாவின் பால் வெட்டும் கத்தியோடு நான் நின்ற கோலத்தைப் பார்க்கவே சிலர் நேரத்தோடு வந்திருந்தார்கள். கங்காணி மாமா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஆட்கள் "ம்" என்றோ "இருக்கேன்" என்றோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வசந்தி" என்றதும் நான் பள்ளிக்கூட ஞாபகத்தில், கையையும் உயர்த்தி, "பிரசன்ட் சேர்" என்றேன். கங்காணி மாமா பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த ஒரு மாதம் அந்தக் களத்தில் எல்லோரும் அப்படித்தான் பேர் கொடுத்தார்கள்.

மரத்தில் பால் வெட்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பட்டையில் சாய்வாக ஒரு நூல் அளவு சீவினால் போதும், பால் கோட்டோடு வழிந்து சிரட்டையில் விழும். பார்க்கும்போது அப்பா பென்சில் சீவுகிறார் என்றுதான் தோன்றும். நான் முதல் மரத்தில் கத்தியை வைத்து இழுத்தேன். பட்டை போய் உள்மரம் தெரிந்தது.

"ஆப்பரேசன் பண்றியா புள்ள?" என்றார் பின்னால் வந்த கங்காணி மாமா. "மரம் செத்துரும். மெதுவா."

அடுத்த மரத்தில் மெதுவாக இழுத்தேன். மரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் நூறு மரம் தாண்டிப் போய்விட்டார்கள், நான் பதினான்காவது மரத்தில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு சிரட்டைகளில் இருந்ததை வாளியில் ஊற்றிச் சேர்த்தால் அடி மட்டும் மறைந்தது. பக்கத்து மலைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் பாலில் கொஞ்சம் ஊற்றினார். வாளி ஓரளவுக்கு மரியாதையாகத் தெரிந்தது. அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். (கையில் தூக்கியிருக்கலாம். எல்லோரும் கையில்தான் தூக்கினார்கள்.)

கணுக்காலில் அட்டை ஏறியதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அட்டை புதிதில்லை. அதைத் தட்டிவிடும் ஒரு தோட்டத்துப் பெண்ணாக அல்லாமல், டவுன் கடை நாற்காலியில் நாலு வருடம் உட்கார்ந்த பெண்ணாகத் துள்ளினேன். வாளி கவிழ்ந்தது. நெற்றி, காது, கழுத்து, இடுப்புவரை தொங்கிய பின்னல், எல்லாவற்றிலும் பால்.

ரப்பர் பால் கொஞ்ச நேரம்தான் பாலாக இருக்கும். பிறகு அது தன் குணத்தைக் காட்டும். வீட்டுக்கு வருவதற்குள் என் பின்னல் வளைக்க முடியாத ஒரு தடியாகிவிட்டது. அம்மா தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தார், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார், கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். முடி கழுத்தோடு போயிற்று. வெட்டிய பின்னலைத் தரையில் போட்டால் கொஞ்சம் எம்பியது.

பகலுக்குப் பிறகு வேலைக்கு வருகிறேன் என்று பாரூக் நானாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னல் தொங்கவேண்டிய இடத்தை அவர் பார்த்தார்.

"என்ன புள்ள, அந்த யூடியூப் ஆள் முடியையும் கேட்டாரா?"

நான் மெஷினுக்குப் பேப்பர் போட்டேன்.

அன்று மாலைதான் அப்பாவின் சுதந்திர வாழ்க்கையில் முதல் படம். அம்மா கடலை வறுத்திருந்தார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீவிக்கு நேரே உட்கார்ந்தார். நான் அழுது அழுது எட்டு மணிக்கே படுத்துவிட்டேன். மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரியும்: எட்டரைக்கு, வில்லன் ஜீப்பைக் கிளப்பும்போது, அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாராம். ஓபிஸில் பேரை வெட்டிய செய்தி அவருடைய உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. நாலு மணிக்கு அது வழக்கம்போல் எழும்பியும்விட்டது.

இரண்டாம் நாள் நான் என் முதல் மரத்துக்கு வந்தபோது, அதில் ஏற்கெனவே பால் வழிந்துகொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பயந்துபோய் மேலே ஓடினேன். பன்னிரண்டாவது மரத்தடியில், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, அப்பா.

"அப்பா! இது என்னா வேல?"

"சத்தம் போடாத. கங்காணி கேட்டா நீ வெட்டுனதுன்னு சொல்லு."

"யாருப்பா நம்புவா?"

"நம்ப மாட்டாங்கதான்" என்றார் அப்பா. "நீ சொல்லிரு."

கங்காணி மாமா வந்தார். மரத்தில் இருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் கோட்டைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள். அப்பா ஒரு புதர் மறைவில் நின்றுகொண்டிருந்தார். மறைவு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நெற்றி லைட் எரிந்துகொண்டிருந்தது.

"ஒரே ராத்திரியில கை திருந்திருச்சே புள்ள" என்றார் கங்காணி மாமா. எனக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியாக, வேலையிலிருந்து விடுதலை பெற்ற என் அப்பா, முப்பத்துநான்கு வருடம் சம்பளத்துக்குச் செய்த அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்யத் தொடங்கினார். மாதக் கடைசியில் என் பேரில் வந்த சம்பளத்தை அவர் கையில் வைத்தால் வாங்கமாட்டார். "அது ஒன் காசு. நான் ரிட்டயர் ஆன ஆளு" என்பார், கொஞ்சம் கர்வமாகவே.

பதினான்கு மாதம் அது நடந்தது. அவர் வெட்டுவார், நான் சிரட்டைகளை ஊற்றிச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பகல் பஸ்ஸில் கடைக்குப் போவேன். அந்த விடியற்காலைகளை நான் எதற்கும் மாற்றமாட்டேன். மரத்துக்கு மரம் நடந்துகொண்டே அப்பா முந்தின நாள் படத்தின் பாதியைச் சொல்வார். மீதியை இருவரும் சேர்ந்து கட்டுவோம். நான் வில்லனை மலையிலிருந்து தள்ளிவிடச் சொல்வேன். "பாவம், அவனுக்கும் அம்மா இருக்கும்ல" என்பார். அதுவரை எனக்கு அப்பாவை எட்டரைக்குத் தூங்குகிற ஒரு மனிதராக மட்டும்தான் தெரியும். பேசத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர், கிண்டல் செய்யத் தெரிந்தவர் என்பதெல்லாம் அந்தப் பதினான்கு மாதத்தில்தான் கண்டுபிடித்தேன். நானும் எட்டரைக்குத் தூங்கப் பழகியிருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஏதோ பாரத்துக்கு ஓபிசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏன் புள்ள, ஒங்க அப்பாவ கைக்காசுக்குப் போட்டிருந்தா இந்தக் கஷ்டம் இல்லையே. ரிட்டயர் ஆன ஆளுங்க பதினோரு பேர் அப்படித்தான் வாறாங்க. நாள் கூலி. ஆனா செக்ரோல்ல பேர் இருக்கும். வீடும் இருக்கும்."

"அத ஏங்க ஐயா அன்னைக்கே சொல்லல?"

"எப்படி புள்ள சொல்றது? சுதந்திரம் சுதந்திரம்னு அவ்வளவு நேரம் பேசுனீங்க. வாங்கிக் குடுத்த மக முன்னாலயே, 'பெருமாள், நாளைக்கு வேலைக்கு வாங்க'ன்னு நான் எப்படிக் கூப்புடுறது? பவ் தானே, பாவம்."

மறுநாள் என் பேரை வெட்டி, அப்பாவின் பேரை மறுபடி எழுதினார்கள். அப்பா பெரட்டுக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. நான் கல்யாணமாகி வரக்காப்பொலையில் இருக்கிறேன். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், முடியும் வளர்ந்துவிட்டது. அப்பா இன்னும் மலைக்குப் போகிறார், இப்போது பாதி மரம்தான், அரைப்பேர். வீடு இருக்கிறது. குடும்பத்தில் யாராவது "வேலைய விட்டுறலாம்னு பாக்குறேன்" என்று பெருமூச்சு விட்டால், "ஓபிசுக்கு வசந்திய கூட்டிட்டுப் போ" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். என் மாமியார் வீட்டிலும் இதைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

போன தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது என் பேருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஈ.பி.எப். என்கிற சேமலாப நிதியில் என் பேரில் கிடக்கும் காசின் விபரம். பதினான்கு மாதத்துக்குத் தோட்டம் கட்டியது. கடையில் எனக்கு அப்படி எதுவும் கட்டவில்லை. உலகம் முழுக்க எனக்கு இருக்கிற ஒரே ஓய்வுகாலச் சேமிப்பு அதுதான். அப்பா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பலகாரத்தட்டோடு வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"எனக்கு ரெண்டு பென்சன் தெரியுமா? ஒண்ண நான் வாங்கிட்டேன். ஒண்ண இவ வாங்கப் போறா." என் பக்கம் திரும்பினார். "பொம்பளைங்களுக்கு அம்பது வயசுல குடுப்பாங்க. ஒனக்கு இன்னும் எத்தன வருசம்?"

"பதினாறு வருசம்ப்பா."

"அது வரைக்கும் யாருக்கும் யோசன சொல்லாம இரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர்தான் அதிகம் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கடிதத்தை மடித்தேன். தொழிலாளியின் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஓபிசுக்குப் போய், இந்தப் பெயரை மாற்றி அப்பா பெயரைப் போட வழி இருக்கிறதா என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். அவர் கடிதத்தையும் என்னையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் பாரம் இல்லை புள்ள என்றார்.